நடுவயதில் நீச்சல்: தண்ணீர்ப் பயத்தோடு தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தைரியம் வந்தபிறகு இறங்கலாம் என்று கரையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கடைசிவரை வருவதில்லை. "தள்ளிவிட்டால் தானாகக் கற்றுக்கொள்வான்" என்ற பழைய முறையும் பெரியவர்களிடம் செல்லுபடியாகாது. எட்டு வயதில் கிணற்றில் தள்ளிவிடப்பட்டவர்களில் பாதிப்பேர்தான் இன்று நாற்பது வயதில் பயத்தோடு குளத்துக்கு வருகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பெரியவர்களுக்கான பேட்ச்களில் புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். உடல் வலு குறைவதால் யாரும் நின்றுபோவதில்லை. படிகளின் வரிசை மாறிப்போவதால் நின்றுபோகிறார்கள். திரும்பி வரும் வழி தெரிவதற்கு முன்பே முன்னால் போகச் சொல்கிறோம். பயம் அங்கேதான் பிடித்துக்கொள்கிறது. கீழே உள்ள வரிசை அதற்காகவே இப்படி அமைந்திருக்கிறது. ஒரு படி கைவராமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

## 1. எந்தப் பயம் என்று முதலில் பாருங்கள்

"எனக்குத் தண்ணீர் என்றாலே பயம்" என்பது மூன்று வேறு பயங்களுக்கான ஒரே வாக்கியம்.

முதலாவது, முகம் நனையும் பயம். வீட்டிலேயே சோதிக்கலாம். குளிக்கும்போது தலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். மூச்சை இழுத்துப் பிடித்து, உடனே கையால் முகத்தைத் துடைக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் வேலை மூன்றாம் படியில்தான் அதிகம்.

இரண்டாவது, கால் தரையில் படாத பயம். இவர்கள் இடுப்பளவு தண்ணீரில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். காலைத் தூக்கச் சொன்னதும் முகம் மாறிவிடும். இவர்களுக்கு நான்காம் படியும் எட்டாம் படியும்.

மூன்றாவது, பார்ப்பவர்களைப் பற்றிய பயம். பக்கத்துப் பாதையில் பத்து வயதுப் பெண் சர்ரென்று போகும்போது, ரப்பர் தொப்பியோடு கைப்பிடியைப் பிடித்து நிற்பது கூச்சமாகத்தான் இருக்கும். இதற்குத் தண்ணீரில் மருந்து இல்லை. நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது.

இதைப் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. முகம் நனையப் பயப்படுபவரை மிதக்கவைக்க முயன்றால் வாரங்கள் வீணாகும். கோச்சிடம் முதல் நாளே உங்கள் பயம் எது என்று சொல்லிவிடுங்கள்.

## 2. இறங்குவதற்கு முன் வேண்டியவை

நேரம். ஏப்ரல், மே மாதங்களில் சேராதீர்கள். கோடை முகாம்களில் குளம் முழுக்கக் குழந்தைகள். அலையும் சத்தமும் தாங்காது, கோச்சும் உங்கள் பக்கம் திரும்பமாட்டார். ஜூனில் பள்ளி திறந்தபிறகு வார நாட்களில் போனால் குளம் பாதி காலியாக இருக்கும். பல குளங்களில் பெண்களுக்குத் தனி நேரமும் உண்டு.

குளம். ஆழமற்ற பக்கம் உங்கள் மார்புக்குக் கீழே இருக்க வேண்டும். மூன்றரை, நான்கு அடி என்றால் நல்லது. லைஃப்கார்ட் இருக்கிறாரா, அவர் கண் தண்ணீரில் இருக்கிறதா செல்போனில் இருக்கிறதா என்று ஒரு நாள் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். தண்ணீரின் அடித்தரை தெளிவாகத் தெரியாத குளத்தில் சேர வேண்டாம். கண்ணை எரிக்கும் கடும் குளோரின் வாடையும் நல்ல அறிகுறி இல்லை. வியர்வை, சிறுநீர் போன்ற அழுக்கோடு குளோரின் சேர்ந்தால்தான் அந்த வாடை வரும்.

கோச். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "முதல் வாரம் நீங்களும் தண்ணீரில் இறங்குவீர்களா?" கரையில் நின்று கம்பை நீட்டுபவர், ஏற்கெனவே நீந்தத் தெரிந்தவர்களுக்குத்தான் சரி.

பொருட்கள். காகிள்ஸ், தொப்பி, நைலான் அல்லது லைக்ரா உடை. பருத்தி உடை நீரை உறிஞ்சிக் கனக்கும்; பெரும்பாலான குளங்களில் விடவும் மாட்டார்கள். முழங்கை, கணுக்கால் வரை மூடும் நீச்சல் உடைகள் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. காகிள்ஸ் வாங்கும்போது பட்டையை மாட்டாமல் கண்ணில் வைத்து லேசாக அழுத்துங்கள். ஓரிரு நொடி ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். தண்ணீர் உள்ளே வரும் காகிள்ஸ் பயந்தவரை இன்னும் பயமுறுத்தும் என்பதால், செலவில் கை சுருக்க வேண்டிய இடம் இது இல்லை.

உடல்நிலை. வலிப்பு, இதய நோய், ஆஸ்துமா, செவிப்பறையில் ஓட்டை, காதில் சீழ் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும். கோச்சுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

## 3. முதல் வேலை மூச்சை விடுவது

கழுத்தளவு தண்ணீரில் நின்றதும் நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல இருக்கும். பலர் இதைப் பயம் என்று நினைத்து மேலும் பயப்படுகிறார்கள். உண்மையிலேயே அழுத்தம்தான் அது. சுற்றியிருக்கும் நீர் விலா எலும்புகளை உள்ளே தள்ளுவதால் மூச்சிழுக்கக் கொஞ்சம் அதிக உழைப்பு வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் இப்படித்தான். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் பழகிவிடும்.

அப்புறம் முகத்தை நனைப்பது. புதியவர்கள் செய்யும் முதல் தவறு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, கன்னம் உப்ப, அதை அடக்கிக்கொண்டு முங்குவது. மூச்சு முட்டும் உணர்வு வருவதற்குப் பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்துபோவது காரணமில்லை. உள்ளே கரியமில வாயு சேர்வதுதான் காரணம். மூச்சை அடக்கினால் அது சேர்ந்துகொண்டே போகும். மேலே வந்த அரை நொடியில் பழைய காற்றை விட்டு, புதியதையும் இழுக்க வேண்டும். அந்த அவசரத்தில்தான் புரையேறுகிறது.

செய்ய வேண்டியது இது: வாயால் சாதாரணமாக மூச்சிழுங்கள். முகத்தை நீரில் வைத்து, வாயை மூடி, "ம்ம்ம்ம்" என்று முனகுங்கள். முனகும்போது மூக்கு வழியே காற்று போய்க்கொண்டே இருப்பதால் தண்ணீர் உள்ளே ஏறாது. குமிழிகள் தீர்வதற்கு முன்பே தலையைத் தூக்கி, வாயால் இழுங்கள். முகத்தைத் துடைக்காதீர்கள். துடைக்கும் கை, பின்னால் நீந்த வேண்டிய கை. இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடாது.

இதை வீட்டில் அகன்ற பேசினில் தண்ணீர் வைத்தே பழகலாம். குளத்தில் இடைவெளியின்றிப் பதினைந்து இருபது முறை, அவசரமில்லாமல், முங்கி எழ முடிந்தால் இந்தப் படி முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. இங்கே சிலர் "எவ்வளவு நேரம் உள்ளே இருப்பேன் பார்" என்று போட்டி போடுவார்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்து விட்டால் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டும் உணர்வே வராமல், நீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். அந்த விளையாட்டே வேண்டாம்.

## 4. மிதப்பதற்கு முன் எழுந்து நிற்கப் பழகுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பல வகுப்புகளில் இதைச் சொல்லித்தருவதே இல்லை.

பெரியவர்கள் கைப்பிடியை விடாததற்குக் காரணம் பிடிவாதமில்லை. "குப்புறப் படுத்தபிறகு எப்படி நிற்பது?" என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை. நிலத்தில் தடுமாறினால் தலையைத் தூக்குவோம், கையை ஊன்றுவோம். தண்ணீரில் ஊன்ற எதுவும் இல்லை. தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் இன்னும் பின்னால் போய்த் தாழும், நிற்க முடியாது. இந்த இடத்தில்தான் கைகால் அடித்துக்கொண்டு இரண்டு வாய்த் தண்ணீர் குடிக்கிறார்கள், மறுநாள் வருவதில்லை.

குப்புற நிலையிலிருந்து எழும் வரிசை:

முகம் நீருக்குள்ளேயே இருக்கட்டும். இரண்டு முழங்காலையும் வயிற்றை நோக்கி மடக்குங்கள். நீட்டியிருக்கும் கைகளால் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். உடல் தானாகச் சுழன்று நிமிரும். பாதங்களைத் தரைக்கு இறக்குங்கள். தரை பட்டபிறகுதான் தலை. தலை எப்போதும் கடைசி.

மல்லாந்த நிலையிலிருந்து எழ, தாடையை மார்போடு சேர்த்து, நாற்காலியில் உட்காரப்போவதுபோல் இடுப்பை மடக்கி, கைகளால் தண்ணீரைப் பின்னாலிருந்து முன்பக்கம் வாரினால் உட்கார்ந்த நிலைக்கு வருவீர்கள். அங்கிருந்து காலை இறக்கலாம்.

முதலில் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடி, அப்புறம் கோச்சின் கையைப் பிடித்தபடி, கடைசியில் எதுவும் இல்லாமல். சலிக்கும்வரை செய்யுங்கள். சலிப்பு வந்துவிட்டால் பயம் போய்விட்டது என்று பொருள்.

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி நினைவுக்கு வருகிறார். அலுவலகத்தில் பலரை மேய்ப்பவர். குளத்தின் ஓரக் கம்பியை அவர் பிடித்த பிடியில் விரல் மூட்டுகள் வெளுத்திருக்கும். கோச் அவரிடம் "விடுங்கள்" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "சுண்டுவிரலை மட்டும் எடுங்கள் அக்கா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மோதிர விரல். ஒற்றை விரலில் தொங்கிக்கொண்டே முழங்காலை மடக்கி எழுந்து நிற்கப் பழகினார் அவர். சில வகுப்புகள் கழித்து அந்த ஒற்றை விரலும் கம்பியில் இல்லை என்பதை அவரே கவனிக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உடனே பிடித்திருப்பார்.

## 5. மிதப்பது

எழுந்து நிற்கத் தெரிந்தபிறகு மிதப்பது பாதி வேலைதான். நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும்போது பெரும்பாலோர் உடல் நீரைவிடச் சற்றே லேசு. இதை நம்ப வேண்டியதில்லை, சோதிக்கலாம். இடுப்பளவு நீரில் நின்று, மூச்சிழுத்து, முகத்தை நீரில் வைத்து, முழங்கால்களைக் கட்டிப்பிடித்துச் சுருண்டுகொள்ளுங்கள். முதலில் கொஞ்சம் தாழ்வீர்கள்; பிறகு முதுகு மேலே வந்து நிற்கும். மூழ்க முயன்றும் மூழ்க முடியவில்லை என்பதை உடம்பே தெரிந்துகொள்ளும் இடம் இது. நூறு அறிவுரைகளைவிட இந்த ஒரு சோதனை அதிகம் பேசும்.

அடுத்து கையைக் காலை நீட்டி, குப்புற. கால் தாழ்ந்தால் பதறாதீர்கள். காற்று மார்பில், கனம் இடுப்பிலும் தொடையிலும் என்பதால் பலருக்குக் கால் தாழத்தான் செய்யும். ஒல்லியான, தசை இறுகிய ஆண்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே. பார்வை நேர் கீழே, தரையில் இருக்கட்டும். முன்னால் பார்க்கப் பார்க்கக் கால் இன்னும் தாழும்.

மல்லாந்து மிதக்கக் காது முழுவதும் நீருக்குள் போக வேண்டும். காது நனையக்கூடாதென்று கழுத்தை விறைப்பாக வைத்திருப்பவர்களுக்கு இது வராது. காதில் போன தண்ணீர் தலையைச் சாய்த்தால் வந்துவிடும். பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள். மல்லாந்து மிதப்பதை அரைகுறையாக விட்டுவிட வேண்டாம். பின்னால் ஆழத்தில் மூச்சு வாங்கினால் உங்கள் திண்ணை இதுதான்.

## 6. சறுக்குவதும் கால் உதைப்பதும்

சுவரைக் காலால் உந்தி, கைகளை நீட்டி, அம்புபோல் கொஞ்ச தூரம் சறுக்கி, நான்காம் படியின்படி எழுந்து நில்லுங்கள். சுவரிலிருந்து விலகிப் போவதைவிட, கொஞ்சம் தள்ளி நின்று சுவரை நோக்கிச் சறுக்குவதில் தொடங்கினால் பயம் குறையும்.

காலை இடுப்பிலிருந்து உதைக்க வேண்டும். சைக்கிள் மிதிப்பதுபோல் முழங்காலை மடக்கினால் தண்ணீர் தெறிக்கும், நீங்கள் நகரமாட்டீர்கள். கிக் போர்டை (பிடித்துக்கொண்டு உதைத்துப் பழகும் மிதவைப் பலகை) நெஞ்சுக்கடியில் அணைத்துக்கொள்ளாமல் கை நீட்டிப் பிடியுங்கள். இதற்குமேல் இங்கே சொல்ல ஒன்றுமில்லை, பழக்கம்தான்.

## 7. கையும் மூச்சும் சேரும் இடம்

ஃப்ரீஸ்டைலில், அதாவது குப்புறப் படுத்துக் கைகளை மாற்றி மாற்றி வீசும் நீச்சலில், ஏறக்குறைய எல்லோரும் சிக்கிக்கொள்வது மூச்சில். தலையை மேலே தூக்கி மூச்செடுப்பார்கள், கால் தாழும், அடுத்த வீச்சுக்கு வேகம் இருக்காது. தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். ஒரு காது நீருக்குள், ஒரு கண் வெளியே. முகம் நீருக்குள் இருக்கும்போதே மூச்சை விட்டு முடித்திருந்தால்தான் திருப்பியதும் இழுக்க முடியும். மூன்றாம் படியின் முனகல் இங்கே கைகொடுக்கும்.

பெரியவர்கள் வேகமாக அடித்தால் சீக்கிரம் கரைசேரலாம் என்று நினைக்கிறார்கள். மூச்சு வாங்குவதற்கு அதுதான் காரணம். பாதி வேகத்தில் கை போடுங்கள். சிலருக்கு இது மாதக்கணக்கில் வராது. அவர்கள் தலை முன்னால் எழும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலோ மல்லாந்த நீச்சலிலோ தொடங்கட்டும். எது முதலில் என்பதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

## 8. ஆழத்துக்குப் போவது

பத்து மீட்டர் ஆழமற்ற பக்கத்தில் நீந்தத் தெரிந்தவர், ஆறடி எழுதியிருக்கும் இடத்தில் அப்படியே உறைந்து நிற்பதைப் பார்க்கலாம். அவர் கீழே பார்க்கும் தரையும் ஏமாற்றும். ஒளி விலகுவதால் நேர் மேலிருந்து பார்க்கும்போது எட்டடி ஆழம் ஆறடிபோல் தோன்றும். கால் விட்டால் கிடைக்காது. தரையைத் தேடும் பழக்கத்தை ஆழத்தில் விட்டுவிட வேண்டும்.

இந்தப் படிகள் முழுவதும் கோச் உங்கள் பக்கத்தில், தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும்:

முதலில் ஓரக் கைப்பிடியைப் பிடித்தபடியே, கையை மாற்றி மாற்றி வைத்து, ஆழமான பக்கம் முழுவதையும் சுற்றி வாருங்கள். நீச்சல் எதுவும் வேண்டாம். எந்த இடத்தில் ஏணி இருக்கிறது என்று கண் பழகட்டும்.

பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி கீழே இறங்கி, பிடியைத் தளர்த்துங்கள். நெஞ்சில் காற்று இருக்கும்வரை நீர் உங்களை மேலே தள்ளுவதை உணரலாம்.

மூன்றாவது, நின்ற நிலையில் மிதப்பது. கைகளை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, தோசைமாவைத் தேய்ப்பதுபோல உள்ளும் வெளியுமாகத் தள்ளுங்கள். கால்கள் மெதுவாகச் சுழலட்டும். வாய் மட்டும் வெளியே இருந்தால் போதும். நெஞ்சுவரை வெளியே வர முயல்பவர்கள்தான் அரை நிமிடத்தில் களைத்துப்போகிறார்கள்.

நான்காவது, சுவரை விட்டு இரண்டு கை தூரம் போய், திரும்பி, சுவரைத் தொடுவது. பிறகு நான்கு கை தூரம். போவதைவிடத் திரும்புவதைத்தான் இங்கே பழகுகிறோம்.

இதற்குப் பிறகே நீளவாக்கில் நீந்துவது, அதிலும் ஆழமான பக்கத்திலிருந்து ஆழமற்ற பக்கத்துக்கு. எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆழமற்ற பக்கத்தில் தொடங்கினால், களைத்துப்போகும் நேரத்தில் சரியாக ஆழம் வந்து சேரும். மறுபக்கம் தொடங்கினால், தெம்பு இருக்கும்போது ஆழம் கடந்துவிடும். களைக்கும்போது கால் தரையில் படும். ஒரே தூரம்தான், ஆனால் மனதுக்கு இரண்டும் வேறு வேறு.

நடுவில் பதற்றம் வந்தால் செய்ய வேண்டியது ஒன்றே: மல்லாக்கத் திரும்புங்கள், காதை நனையவிடுங்கள், மூச்சு சீராகும்வரை காத்திருங்கள், பிறகு மெதுவாகக் காலை உதைத்துக் கரைக்கு. இதைப் பதற்றமில்லாத நாட்களில் வேண்டுமென்றே பழகி வையுங்கள். பதறும் நேரத்தில் புதிதாக எதுவும் நினைவுக்கு வராது.

## 9. பின்னடைவு வரும் நாட்கள்

நேற்று வந்தது இன்று வராது. ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் பழைய பயம் முழுசாகத் திரும்பும். அப்போது இரண்டு படி கீழே இறங்கி, நன்றாக வரும் ஒன்றைச் செய்துவிட்டு அன்றைய வகுப்பை முடியுங்கள். மோசமான முயற்சியோடு வெளியேறினால் மறுநாள் வீட்டை விட்டுக் கிளம்பக் கால் வராது.

வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரத்தைவிட, வாரம் நான்கு நாள் முக்கால் மணி நேரம் நல்லது. இடைவெளி விழுந்தால் பயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பருவமழைக்காகக் குளம் மூடினால், திரும்பி வரும் முதல் நாள் மூன்றாம் படியிலிருந்து தொடங்குங்கள். எல்லாம் ஒரே வகுப்பில் மீண்டுவிடும்.

வீட்டிலிருப்பவர்களை முதல் சில வாரங்கள் பார்க்க அழைத்து வராதீர்கள். கரையிலிருந்து வரும் "அப்பா, காலை அடிங்கப்பா!" எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் மூச்சின் கணக்கைக் கலைத்துவிடும்.

## 10. குளத்துக்கு வெளியே

குளத்தில் நான்கு சுற்று வந்ததும் ஆறும் கடலும் கூப்பிடும். கொஞ்சம் பொறுங்கள். காவிரியிலும் தாமிரபரணியிலும் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து தெரியாது; முழங்காலளவு நீரில் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அடியில் தரை இருக்காது. கல்குவாரிக் குட்டைகளில் ஏறிவரச் சரிவே கிடையாது. சென்னைக் கடற்கரையில் அலை திரும்பும்போது உள்ளே இழுக்கும் நீரோட்டம், நல்ல நீச்சல்காரரையும் களைக்கவைக்கும். அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டபிறகு திரும்புங்கள். திறந்த நீரில் நீந்தும் ஆசை இருந்தால், துணைப்படகோடு பயிற்சி தரும் குழுவோடு மட்டும் போங்கள்.

இன்னொன்றும் உண்டு. புதிதாக நீந்தக் கற்றவருக்குத்தான், மூழ்குபவரைப் பார்த்ததும் குதிக்கத் தோன்றும். குதிக்காதீர்கள். மூழ்குபவர் கிடைத்ததைப் பிடித்து அமுக்கி மேலே வரப் பார்ப்பார். உங்களுக்குத் தெரிந்த நீச்சல் அதற்குப் போதாது. சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள், ஒருவர் 108-க்கு அழைக்கட்டும். கரையில் படுத்துக்கொண்டு வேட்டி, சேலை, கயிறு, நீண்ட கம்பு எதையாவது நீட்டுங்கள். எட்டாத தூரம் என்றால் மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேனை எறியுங்கள். 20 லிட்டர் கேன் ஒன்று ஓர் ஆளின் தலையை நீருக்கு மேலே வைத்திருக்கும்.